1911, 1917, 1942: மூன்று லூகர் கைத்துப்பாக்கிகளை ஒப்பிட்ட ஒரு நிகழ்வு ஆய்வு

பின்னணி

சில ஆண்டுகளுக்கு முன் அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில், பழைய ஆயுதங்களை ஏலம் விடும் ஒரு நிறுவனத்தில் பட்டியல் எழுதும் பிரிவில் இருந்தேன். வரும் ஒவ்வொரு பொருளையும் பார்த்து, அளந்து, படம் எடுத்து, அது என்ன, எந்த நிலையில் இருக்கிறது என்று நாலு பத்தி எழுத வேண்டும். அந்த நாலு பத்தியை நம்பித்தான் எங்கோ இருக்கிற ஒருவர் பணம் கட்டுகிறார்.

ஒரு நாள் தாயும் மகனும் மூன்று லூகர் பிஸ்டல்களைக் கொண்டுவந்தார்கள். மூன்றும் அந்த அம்மாவின் தந்தையுடையவை. அவர் இரண்டாம் உலகப் போரில் ஐரோப்பாவில் பணியாற்றிவிட்டு ஒன்றை அங்கிருந்து கொண்டுவந்திருக்கிறார். மற்ற இரண்டையும் பிற்காலத்தில் வாங்கிச் சேர்த்திருக்கிறார். எது எது என்று எழுதி வைக்காமலே போய்விட்டார்.

எங்களிடம் வருவதற்கு முன் அவர்கள் ஒரு துப்பாக்கிக் கடையில் காட்டியிருந்தார்கள். கடைக்காரர் சொன்ன தீர்ப்பு இதுதான்: கருப்புப் பிடி போட்டது 'பிளாக் விடோ', நல்ல விலை போகும், ஆனால் யாரோ மறுபூச்சு செய்திருக்கிறார்கள். பளபளவென்று இருப்பது நல்ல நிலையில் உள்ள முதல் உலகப் போர்க்காலத் துப்பாக்கி. மங்கிப்போன மூன்றாவது, பல துப்பாக்கிகளின் பாகங்களைச் சேர்த்துக் கட்டியது. அதைப் புதிதாக நீலப்பூச்சு போட்டு விற்றுவிடலாம். பூச்சுக்கான தொகையையும் அவர் சொல்லிவிட்டார். மகன் சரி என்று சொல்லவிருந்த நேரத்தில் அம்மா, "இன்னொருத்தர்கிட்டயும் கேட்டுடலாம்" என்றாராம். அதனால்தான் இந்த ஆய்வே நடந்தது.

கடைக்காரரை நான் குறை சொல்லவில்லை. அவர் கவனித்த ஒவ்வொரு அம்சமும் உண்மையிலேயே அந்தத் துப்பாக்கிகளில் இருந்தது. அவற்றுக்கு அவர் கொடுத்த பொருள்தான் மூன்றிலும் தவறிப்போனது. முதல் நாள் எனக்கும் ஒன்றில் தவறியது. அதைப் பின்னால் சொல்கிறேன்.

இந்த வகைத் துப்பாக்கியைப் பற்றிக் கொஞ்சம்

லூகர் வழக்கமான பிஸ்டல் போல ஸ்லைடு பின்னால் போய் வரும் அமைப்பு அல்ல. மேலே முழங்கால் மாதிரி மடங்கும் ஒரு மூட்டு இருக்கிறது. சேகரிப்பாளர்கள் அதை டாகிள் என்பார்கள். சுட்டதும் பேரல் என்ற குழலும் டாகிளும் சேர்ந்து கொஞ்சம் பின்னால் வரும். அப்புறம் மூட்டு மேல்நோக்கி மடங்கிக் காலித் தோட்டாக் கூட்டை வெளியே தள்ளும். ஹ்யூகோ போர்ஷார்ட் 1893இல் வடிவமைத்த பிஸ்டலைச் சுருக்கிச் சீர்செய்து ஜார்ஜ் லூகர் இதை உருவாக்கினார். சுவிட்சர்லாந்து 1900இல் ஏற்றது, ஜெர்மன் கடற்படை 1904இல் ஏற்றது. ஜெர்மன் தரைப்படை 1908இல் 9 மி.மீ. தோட்டாவோடும் 100 மி.மீ. பேரலோடும் ஏற்ற வடிவம்தான் பி.08. அதைப் பெரும்பாலும் பெர்லினில் டி.டபிள்யூ.எம். நிறுவனம் செய்தது. எர்ஃபுர்ட் அரசு ஆயுதசாலையும் செய்தது. 1930க்குப் பிறகு உற்பத்தி மவுசர் நிறுவனத்துக்குப் போனது.

தரைப்படைக்கு 1942 வரை இது தயாரானது. அத்தனை ஆண்டுகளில் வெளித்தோற்றம் கிட்டத்தட்ட மாறவே இல்லை. சிறு சிறு விஷயங்கள் மட்டும் மாறிக்கொண்டே வந்தன. அதனால் ஒரு லூகரைப் படிப்பது என்றால் அந்தச் சிறு விஷயங்களைப் படிப்பதுதான்.

முதல் நாள் கண்டவை

மூன்றிலும் தோட்டா அடுக்கும் மேகசினை எடுத்து, பேரலின் பின்முனையில் தோட்டா அமரும் அறை காலி என்று கண்ணாலும் விரலாலும் உறுதி செய்துகொண்டோம். லூகரில் இதைக் கூடுதல் கவனத்தோடு செய்ய வேண்டும். சுடும் ஊசியைப் பிடித்து வைக்கும் நெம்புகோல் மேல்பகுதியின் பக்கவாட்டிலேயே இருக்கிறது. அறையில் தோட்டா இருந்தால், ஃப்ரேம் என்ற கைப்பிடியுள்ள அடிப்பாகத்திலிருந்து கழற்றிய மேல்பகுதி தனியாகவே சுட்டுவிடும்.

பிறகு மூன்றையும் வெள்ளைத் துணி மேல் வரிசையாக வைத்தேன். வசதிக்காக அ, ஆ, இ என்று வைத்துக்கொள்வோம்.

அ: மங்கிப்போனது. அறைக்கு மேலே 1911 என்ற ஆண்டு, டாகிளில் டி.டபிள்யூ.எம். எழுத்துக்கள் பின்னிய சின்னம். மூலைகளில் பூச்சு தேய்ந்து சாம்பல் நிற உலோகம் தெரிந்தது. கைப்பிடியின் பின்பக்க அடியில், தோளில் அணைத்துச் சுட உதவும் மரக்கட்டை ஸ்டாக்கைப் பொருத்துவதற்கான ஸ்டாக் லக் என்ற சிறு முனை இல்லை. காலி மேகசினைப் போட்டு டாகிளை இழுத்தால் அது திறந்தபடியே நின்றது. தோட்டா தீர்ந்துவிட்டது என்று காட்டும் இந்த அமைப்பை ஹோல்ட்-ஓப்பன் என்பார்கள்.

ஆ: பளபளப்பானது. 1917, அதற்கு மேலே 1920 என்று இரட்டை ஆண்டு. அதே டி.டபிள்யூ.எம். சின்னம். ஸ்டாக் லக், ஹோல்ட்-ஓப்பன் இரண்டும் இருந்தன. ட்ரிகரிலிருந்து பாதுகாப்புப் பூட்டு வரை எல்லாமே ஒரே கருநீலம்.

இ: டாகிளில் பி.ஒய்.எஃப்., அறைக்கு மேலே 42. கருப்பு பிளாஸ்டிக் பிடி. இதிலும் சின்ன பாகங்கள் உட்பட எல்லாம் கருநீலம்.

அன்று மாலை நான் எழுதிய முதல் வரைவில் 'அ'வைப் பற்றி, 'ஸ்டாக் லக் பிற்காலத்தில் ராவி அகற்றப்பட்டுள்ளது' என்று ஒரு வரி இருந்தது. பக்கத்தில் இருந்த 'ஆ'வில் லக் இருந்தது, 'அ'வில் இல்லை. 'ஆ'வை அளவுகோலாக வைத்துக்கொண்டு 'அ'வை அளந்துவிட்டேன். ஒன்றோடொன்று ஒப்பிடும்போது இந்தத் தவறு மிகச் சுலபமாக நேரும். நல்ல நிலையில் கண்ணுக்குத் தெரிவது தானாகவே 'சரியானது' ஆகிவிடுகிறது, மற்றதெல்லாம் அதிலிருந்து விலகியது ஆகிவிடுகிறது.

எடுத்த முடிவு

மறுநாள் என் வரைவைப் பார்த்த மூத்த நிபுணர் ஒரே கேள்விதான் கேட்டார்: "1911ல லக் இருந்துச்சா?" இல்லை. தரைப்படை லூகர்களில் ஸ்டாக் லக் 1913இல்தான் வந்தது. பீரங்கிப்படைக்கான நீண்ட பேரல் லூகர் ஸ்டாக்கோடு ஏற்கப்பட்டதும் அதே ஆண்டுதான். 1911இல் செய்ததில் லக் இல்லாததுதான் முறை.

அப்படியானால் சிக்கல் இடம் மாறுகிறது. 1908இல் தரைப்படை ஏற்ற வடிவத்தில் ஹோல்ட்-ஓப்பனும் கிடையாது. அதுவும் 1913இல்தான் சேர்ந்தது. லக் இல்லாத 1911 ஃப்ரேமில் 1913இன் ஹோல்ட்-ஓப்பன் எப்படி வந்தது? கடைக்காரர் 'பாகம் சேர்த்துக் கட்டியது' என்று சொன்னதற்குக் காரணம் இதுவாகத்தான் இருக்க வேண்டும் என்று அப்போதுதான் எங்களுக்குப் புரிந்தது. அவருக்கு விஷயம் தெரிந்திருக்கிறது. பாதி தூரம் சரியாகவே வந்திருக்கிறார்.

இங்கே மூன்று முடிவுகள் எடுத்தோம். ஒன்று, எதையும் துடைக்கவோ பூசவோ கூடாது, எண்ணெய்த் துணி கூடப் படக்கூடாது. இரண்டு, துப்பாக்கிகளை ஒன்றோடொன்று ஒப்பிடுவதை நிறுத்திவிட்டு, ஒவ்வொன்றையும் அதன் மேல் பொறித்த ஆண்டுக்குரிய வடிவத்தோடு ஒப்பிடுவது. மூன்று, எண்களை முழுவதும் பதிவு செய்வதற்கு முன் எந்த அம்சத்தையும் சரி என்றோ தவறு என்றோ எழுதுவதில்லை.

மூன்றாவதுக்குக் காரணம் உண்டு. ராணுவ லூகர்களில் முழு சீரியல் எண் ஃப்ரேமின் முன்பக்கத்திலும், பேரல் பொருந்தும் மேல்பகுதியான ரிசீவரின் இடப்பக்கத்திலும், பேரலின் அடியிலும் இருக்கும். சின்ன பாகங்களில் அதன் கடைசி இரண்டு இலக்கங்கள் இருக்கும். நான்கு இலக்கம் முடிந்ததும் a, b, c என்று எழுத்து சேர்த்து மறுபடி ஒன்றிலிருந்து எண்ணுவார்கள். அடுத்த ஆண்டு பிறந்தால் எல்லாம் முதலிலிருந்து தொடங்கும். ஆக, எண் மட்டும் ஒரு துப்பாக்கியின் அடையாளம் ஆகாது. ஆண்டு, எழுத்து, எண் மூன்றும் சேர்ந்தால்தான் அடையாளம்.

'அ': ஒரு ஊசியின் கதை

'அ'வைப் பிரித்து வைத்துப் பத்து மடங்கு லென்சில் ஒவ்வொரு பாகமாகப் பார்த்தோம். கடைசி இரண்டு இலக்கம் 47. பக்கத் தகட்டில் 47. ட்ரிகரில் 47. பாதுகாப்புப் பூட்டில் 47. டாகிளின் இரு துண்டுகளிலும் 47. சுடும் ஊசியில் 47. எழுத்துரு ஒரே மாதிரி, 4இன் மேல்முனை ஒரே மாதிரி மூடி இருந்தது. பேரலின் அடியில் முழு எண்ணும் துளையின் விட்ட அளவும் இருந்தன. பேரலும் ரிசீவரும் சேரும் இடத்தில் இரண்டின் மேலும் ஓடும் ஒரு கோடு இருக்கும். பேரலைக் கழற்றி மாட்டியிருந்தால் அது விலகிவிடும். இதில் முடி அளவும் விலகவில்லை.

பாகம் சேர்த்துக் கட்டியது இப்படி இருக்காது.

பிறகு சிறு விளக்கைத் தாழ்வாகச் சாய்த்து, ஃப்ரேமின் வலப்பக்கத்தை மெதுவாகப் பார்த்துக்கொண்டே வந்தோம். ட்ரிகருக்கு மேலே, வெளிச்சம் ஒரு குறிப்பிட்ட கோணத்தில் விழும்போது மட்டும், ஒரு சின்ன வட்டம் தெரிந்தது. குண்டூசித் தலையைவிடக் கொஞ்சம் பெரியது. அதன் விளிம்பில் பூச்சின் நிறம் லேசாக வேறுபட்டது. ஃப்ரேமில் துளை போட்டு ஒரு ஊசியைச் செருகி மட்டம் செய்திருந்தார்கள்.

அந்த ஊசிதான் விடை. 1913இல் ஹோல்ட்-ஓப்பன் வந்தபோது, ஏற்கெனவே படையில் இருந்த துப்பாக்கிகளிலும் அதைச் சேர்க்க ராணுவம் ஏற்பாடு செய்தது. அப்படிப் பிற்பாடு சேர்த்தவற்றில் அந்தப் பாகத்தைத் தாங்கும் ஊசி வெளியே தெரியும். இது ஏமாற்று வேலை அல்ல; ராணுவமே செய்த மேம்பாடு. 1911இல் பிறந்து, சில ஆண்டு படையில் இருந்து, பட்டறைக்குப் போய், புதிய பாகத்தோடு திரும்பிய துப்பாக்கி இது. முரண்பாடு என்று தோன்றியதே இதன் வரலாற்றுக்குச் சாட்சி ஆகிவிட்டது. இத்தனை ஆண்டு வேலையில் எனக்கு மிகுந்த மகிழ்ச்சி தந்த தருணங்களில் இது ஒன்று.

கைப்பிடியின் அடிப்பகுதியையும் அதே சாய்ந்த வெளிச்சத்தில் பார்த்தோம். ராவிய கோடு இல்லை, படி இல்லை, பழைய பூச்சு அறுபடாமல் ஓடியது. என் முதல் வரைவின் அந்த வரியை நானே அடித்தேன்.

இன்னும் ஒன்று. பிடியின் முன்பட்டையில், தேய்ந்த பூச்சுக்குக் கீழே, ஒரு படைப்பிரிவின் குறியீடு மங்கலாக இருந்தது. மறுபூச்சுக்கு முன் பாலிஷ் சக்கரத்தில் வைத்திருந்தால் அது போயே போயிருக்கும்.

'ஆ', 'இ': ஒரே நிறம், இரண்டு பொருள்

1917இல் செய்த லூகர்களுக்கு மெதுவாகத் துருவேற்றிச் சுரண்டி உருவாக்கும் நீலப்பூச்சு போட்டார்கள். பூச்சு வெளிப்புறத்துக்குத்தான். ஃப்ரேமின் உட்புறமும் பேரலின் வாய்முகமும் வெறும் உலோகமாக இருக்கும். ட்ரிகர், பாதுகாப்புப் பூட்டு, கழற்றும் நெம்புகோல், மேகசின் பொத்தான் போன்ற சில பாகங்களைச் சூடாக்கி வைக்கோல் மஞ்சள் நிறத்துக்குக் கொண்டுவருவார்கள். 'ஆ'வில் அந்த மஞ்சள் எங்கேயும் இல்லை. வாய்முகம் நீலம், ஃப்ரேமின் உட்புறமும் நீலம். பூச்சுக்குப் பிறகு முத்திரை அடித்தால் அதைச் சுற்றி வெள்ளி வளையம் போல உலோகம் கொஞ்சம் மேலெழும்பித் தெரியும். அதுவும் இல்லை.

இது மறுபூச்சு என்பது தெளிவு. ஆனால் எப்போது செய்தது? இரட்டை ஆண்டு இருப்பதால் கேள்வி முக்கியமாகிறது. முதல் உலகப் போருக்குப் பிறகு வெர்சாய் உடன்படிக்கை ஜெர்மன் படையை 1,00,000 பேராகக் கட்டுப்படுத்தியது. மக்களிடம் சிதறிக் கிடந்த ஆயுதங்களை 1920இல் அரசு திரும்பப் பெறத் தொடங்கியது. அப்போது அரசுடைமை என்று அடையாளம் காட்ட அடித்ததுதான் இந்த 1920 முத்திரை. அந்தக் காலத்துப் பட்டறைகளில் பழுதுபார்த்து மறுபூச்சு செய்யப்பட்ட லூகர்கள் உண்டு. அதுவும் அதன் வரலாற்றின் பகுதிதான்.

விடை அந்த முத்திரையிலேயே இருந்தது. லென்சில் பார்த்தால் 1920இன் இலக்கங்களும் 1917இன் இலக்கங்களும் ஒரே அளவுக்கு விளிம்பு மழுங்கி, சோப்பில் செதுக்கியது போல இருந்தன. ரிசீவரின் வலப்பக்கத்தில் கிரீடம் போட்ட பரிசோதகர் முத்திரைகளும் அப்படித்தான். பாலிஷ் செய்தது 1920 முத்திரைக்குப் பிறகுதான் என்று அதிலிருந்து தெரிகிறது. பக்கத் தகட்டின் எண்ணும் மற்ற எண்களோடு சேரவில்லை. எல்லாப் பாகங்களையும் ஒரே தொட்டியில் முக்கி எடுத்த மாதிரி நிறம் ஒன்றாக இருந்ததையும் சேர்த்து, இது தனியார் யாரோ பிற்காலத்தில் செய்த மறுபூச்சு என்று முடிவு செய்தோம்.

'இ'யிலும் அதே நிறம்தான், ஆனால் அங்கே அது சரி. மவுசர் 1937இன் நடுவில் சூடான உப்புக் கரைசலில் முக்கும் பூச்சுக்கு மாறிவிட்டது. மஞ்சள் பாகங்களும் அத்தோடு நின்றன. 1942இல் செய்ததில் ட்ரிகர் மஞ்சளாக இருந்தால்தான் சந்தேகப்பட வேண்டும். பி.ஒய்.எஃப். என்பது மவுசருக்குப் போர்க்காலத்தில் கொடுத்த குறியீடு. முத்திரைகளின் விளிம்பு கூர்மையாக இருந்தது. அவசரத்தில் கடைந்த தடங்கள் பூச்சுக்கு அடியில் அப்படியே தெரிந்தன. பாலிஷ் சக்கரம் அவற்றை விட்டுவைத்திருக்காது. கருப்புப் பிடி அந்தக் காலத்துக்கு உரியதுதான்; மரப்பிடியும் உரியதுதான். 'பிளாக் விடோ' என்பது போருக்குப் பின் விற்பனையில் வந்த பெயர், ஜெர்மன் ராணுவத்துக்கு அப்படி ஒரு வகை கிடையாது. அதனால் பட்டியல் தலைப்பில் அதைப் போடவில்லை.

மேகசின்கள்

இது எங்கள் திறமையால் கண்டது அல்ல. மகன் மேகசின்களைத் திருப்பித் தரும்போது, எது எதோடது என்று கேட்டார். 'ஆ'விலிருந்து எடுத்த மரஅடி மேகசினில் மரத்தில் அழுத்தின எண் இருந்தது. வெளிச்சத்துக்குக் காட்டினால் கடைசி இரண்டு இலக்கம் 47. 'அ'வின் மேகசின் அத்தனை ஆண்டும் 'ஆ'வில் இருந்திருக்கிறது. முழு எண்ணும் எழுத்தும் பொருந்தின. ராணுவ லூகரில் எண் பொருந்திய மேகசின் எளிதில் கிடைக்காது, அதனால் 'அ'வின் மதிப்பு இன்னும் கூடியது. தாத்தா துடைத்துவிட்டு மாற்றிப் போட்டிருக்கலாம். அந்த அம்மா அந்த மரத்துண்டைக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார்.

பின்னர் நடந்தது

எங்கள் அறிக்கையைப் படித்த பிறகு குடும்பம் வீட்டில் தேடியதில், தாத்தாவின் சவரப் பெட்டிக்குள் மடித்த காகிதம் ஒன்று கிடைத்தது. கைப்பற்றிய பொருளை ஊருக்கு எடுத்துப் போகலாம் என்று அவருடைய மேலதிகாரி கையெழுத்திட்ட அனுமதி. அதில் லூகர் என்றும் ஓர் எண்ணும் இருந்தன. அந்த எண் 'இ'யோடு பொருந்தியது. ஆனால் எண்ணுக்குப் பின் வரும் எழுத்தை எழுத்தர் குறிக்கவில்லை. எழுத்து இல்லாவிட்டால் அதே நான்கு இலக்கம் வேறு பல லூகர்களுக்கும் பொருந்தும். காகிதம் இந்தத் துப்பாக்கிக்குரியது என்பதற்கு வாய்ப்பு அதிகம், ஆனால் காகிதத்தை மட்டும் வைத்து நிரூபிக்க முடியாது என்று குடும்பத்திடம் அப்படியே சொன்னோம். அவர்களுக்கு அது போதுமாக இருந்தது. 'இ'யை விற்கவில்லை. பேரன் அதையும் காகிதத்தையும் சேர்த்து வைத்திருக்கிறார்.

'ஆ' ஏலத்தில், மறுபூச்சு, பக்கத் தகடு எண் பொருந்தவில்லை என்ற விவரத்தோடு போனது. சுட்டுப் பழக ஒரு லூகர் வேண்டும் என்ற ஒருவர் வாங்கினார், நிறைவோடுதான் வாங்கினார். 'அ'வுக்கு ஊசியின் படத்தையும், மேகசின் எண்ணின் படத்தையும், தேய்ந்த மூலைகளின் படத்தையும் பெரிதாகப் போட்டிருந்தோம். ஏலத்துக்கு முந்திய வாரம் விசாரித்தவர்களில் பெரும்பாலோர் கேட்டது அந்த ஊசியைப் பற்றித்தான். மூன்றில் மிக மட்டம் என்று ஒதுக்கப்பட்ட அதுதான், விற்ற இரண்டில் அதிக விலைக்குப் போனது. விற்பனை இரண்டும் உரிமம் பெற்ற விற்பனையாளர் வழியாக, வாங்குபவரின் பின்னணிச் சோதனைக்குப் பிறகே நடந்தன.

என்ன மாற்றினோம்

எங்கள் படிவத்தில் அதுவரை 'அசல்', 'மாற்றப்பட்டது' என்று இரண்டே கட்டங்கள் இருந்தன. 'அ' அந்த இரண்டிலும் அடங்கவில்லை. 'ராணுவப் பட்டறையில் மாற்றப்பட்டது' என்று மூன்றாவது கட்டம் சேர்த்தோம். அதில் குறி போட்டால் சான்று என்ன என்று எழுதவும் இடம் விட்டோம்.

ஒரே குடும்பத்திலிருந்து ஒன்றுக்கு மேற்பட்ட துப்பாக்கி வந்தால், முதலில் எல்லா மேகசின்களையும் கழற்றித் தனியாக வைத்து, எண்ணைப் பார்த்து ஜோடி சேர்க்கிறோம். மூன்றையும் ஒரே துணியில் வரிசையாக வைக்கும் என் பழக்கத்தையும் விட்டேன். இப்போது ஒவ்வொன்றையும் தனித்தனி மேசையில் வைத்துத்தான் முதல் குறிப்பு எழுதுகிறேன். காகிதம் ஏதும் உண்டா என்ற கேள்வியையும் பொருளை வாங்கும்போதே கேட்கிறோம். இந்த முறை நாங்கள் அதைக் கேட்கவே இல்லை. அவர்கள் சவரப் பெட்டியைத் திறந்தது அவர்களாகத் தேடியதால்தான்.

மறுபூச்சு பற்றிக் கேட்கிற குடும்பங்களுக்கு இப்போது இரண்டு படங்களைக் காட்டுகிறோம்: 'ஆ'வின் மழுங்கிய 1920, 'அ'வின் முன்பட்டையில் மங்கலாகத் தெரியும் படைப்பிரிவுக் குறியீடு. படங்களைப் பயன்படுத்த அந்த அம்மாவிடம் எழுத்தில் அனுமதி வாங்கியிருக்கிறோம்.